மாடி ஷீட் கூரை: சில மழைக்காலங்களுக்குப் பின்

கூரை ஒழுகலை இப்போதுதான் சரிசெய்து முடித்திருக்கிறோம். தாம்பரத்தில் தன் மொட்டை மாடிக்கு ஷீட் போடவிருக்கும் நண்பர், ஒப்பந்தக்காரர் கொடுத்த விலைப்புள்ளியை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். அதில் ஷீட்டின் கம்பெனி, நிறம், சதுர அடி விலை, இரும்புக் குழாயின் அளவு ஆகிய எல்லாம் இருக்கின்றன; ஸ்க்ரூவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்களுக்கு வந்த தாளிலும் இருக்கவில்லை.

ஷீட்டைக் குறை சொல்ல மாட்டேன். 55 சதவீத அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமும் கொண்ட கால்வால்யூம் பூச்சுக்கு மேல் வண்ணம் அடித்த, 0.47 மி.மீ. தகடு அது. இந்த 0.47 என்பது பூச்சையும் பெயிண்டையும் சேர்த்த தடிமன். உள்ளே இருக்கும் எஃகு அதைவிட மெல்லியது என்பதால், இரண்டு பேரிடம் விலை கேட்டால் இருவரும் சொல்வது ஒரே தடிமனைத்தானா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெயில் நேரே தளத்தில் விழாமல் போனதில் கீழ் அறைகள் மே மாத இரவிலும் உறங்கத் தக்கவையாக மாறியது நான் எதிர்பாராத நன்மை. மழையின் இரைச்சலைப் பற்றி அனைவருக்கும் தெரியும்.

ஸ்க்ரூதான் வயிற்றெரிச்சல். ஷீட்டைப் பர்லினோடு, அதாவது அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு பிணைக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் கூரையில் நாமே போடும் ஓர் ஓட்டை. அதை அடைத்து நிற்பது தலைக்கடியில் இருக்கும் ரப்பர் வாஷர் ஒன்றே. வெயிலைத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பருக்குப் பதிலாக மலிவான வாஷர் வந்தால் அது இறுகி வெடித்துவிடும். எங்கள் கூரையில் சில ஸ்க்ரூக்களை வாஷர் பிதுங்கும் அளவுக்கு முடுக்கியிருந்தார்கள், சில சாய்ந்து இறங்கியிருந்தன, பலவற்றை ஷீட்டின் மேட்டில் அடிக்காமல் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்திருந்தார்கள். போதாக்குறைக்கு, கிரைண்டரால் வெட்டியபோது விழுந்த இரும்புத் தூளைக் கூட்டி எடுக்காததால், நல்ல ஷீட்டின் மேல் துருப்புள்ளிகள்.

வடகிழக்குப் பருவமழையில் சொட்டத் தொடங்கியதும் ஒப்பந்தக்காரரை அழைத்தோம். வந்தார், சிலிக்கோன் பசையைப் பூசினார், சென்றார். அடுத்த மழையில் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே சொட்டியது. கடைசியில் வேறொருவரை வைத்து, தளர்ந்த ஓட்டைகளுக்கு ஒரு சுற்றுத் தடித்த ஸ்க்ரூக்களைப் போட்ட பிறகே ஒழுகல் நின்றது.

ஆகவே நண்பர் ஸ்க்ரூவின் தரத்தையும் வாஷரின் வகையையும் இடைவெளியையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கட்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று கூரையை மேலே இழுக்கும் விசை அதிகம் என்பதால் அங்கே ஸ்க்ரூக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். சென்னைக்கு இந்தியத் தர விதி கணக்கில் எடுக்கச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். உச்சியை மூடும் ரிட்ஜும், சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் மூடும் தகடான ஃபிளாஷிங்கும் விலைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் கேட்கட்டும்.

எங்கள் ஒப்பந்தக்காரரையே அழைக்கலாமா என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். வெல்டிங் சுத்தம், வாட்டம் சரியாக இருந்தது, சொன்ன தேதியில் முடித்தார், சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அழைக்க வேண்டாம்.