கட்டிப் பெருங்காயமா, தூள் பெருங்காயமா?

கல்யாணமாகி ஒன்பது வருடம் தூள் பெருங்காயம்தான் வாங்கினேன். டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டால் வேலை முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஊரிலிருந்து வந்த அம்மா என் ரசத்தைக் குடித்துவிட்டு, "பெருங்காயம் போடலையாடி?" என்று கேட்டாள். போட்டிருந்தேன், ஒரு சிட்டிகைக்குக் கூடவே. அம்மா அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இதுல மாவு வாசனைதான் வருது" என்றாள். அந்த வாரமே கட்டிக்கு மாறினேன்.

விலை, கிடைக்கும் இடம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் எல்லா மளிகைக் கடையிலும் இருக்கின்றன. கட்டி என்றால் சுத்தமான பெருங்காயம், தூள் என்றால் கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. நாம் வாங்கும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெருலா செடியின் வேரைக் கீறினால் வடியும் பால், காய்ந்து பிசினாகிறது. அதை அப்படியே சமையலில் போட்டால் நெடி தாங்காது. அதனால் கருவேலம் பிசினும் கோதுமை மாவோ மைதாவோ அரிசி மாவோ சேர்த்துத்தான் கட்டியும் செய்கிறார்கள், தூளும் செய்கிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டிலுமே அட்டையைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மூலப்பொருள் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருவதால்தான் 2020 அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இந்தச் செடியை நட ஆரம்பித்தார்கள். செடி பலன் தர ஐந்து வருடம்போல ஆகும் என்பதால் பொறுமை வேண்டிய பயிர் அது.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்தான்: வாசனை எத்தனை நாள் நிற்கிறது என்பது. பெருங்காயத்தின் மணம் அதிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. வெங்காயம், பூண்டைப் போலக் கந்தகம் கலந்த மணம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளில் பெருங்காயம் அந்த இடத்தை நிரப்புவது இதனால்தான். தூளாக்கினால் ஒவ்வொரு துகளிலும் காற்று படும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் மணம் போகும். அதிலும் நாம் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம், கொதிக்கும் குழம்புக்கு மேலேயே கவிழ்த்துத் தட்டுகிறோம். ஆவி உள்ளே போய்த் தூள் கட்டிபட்டுவிடுகிறது. வாங்கிய முதல் வாரம் ஒரு சிட்டிகை போதும், இரண்டாம் மாதம் அரை ஸ்பூன் போட்டாலும் எடுபடாது. கூடப் போடப்போட உள்ளே போவது மாவுதான்.

கட்டியில் காற்று படுவது மேற்பரப்பில் மட்டும். உள்ளே மணம் அடைந்து கிடக்கும். பிய்த்தால் அந்த நிமிடம்தான் வெளியே வரும். 50 கிராம் கட்டி எங்கள் நாலு பேர் வீட்டுக்கு ஐந்து மாதம் வருகிறது. ஐந்தாம் மாதத்துத் துண்டும் முதல் நாள் துண்டு மாதிரியே மணக்கிறது. 'பெருங்காயம் இருந்த டப்பா' என்று சொல்வது கட்டி இருந்த டப்பாவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

மாறிய பிறகு தெரிந்த இன்னொரு வசதி, கட்டியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். சுண்டைக்காய் அளவு துண்டைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பால் போலக் கரையும். ரசம், சாம்பார் இறக்கும்போது ஒரு ஸ்பூன் ஊற்றினால் போதும். தட்டை, முறுக்கு மாவிலும் இந்தத் தண்ணீர்தான் சீராகப் பரவும். இன்னொன்று, மிதமான தீயில் நல்லெண்ணெயில் போட்டுப் பொரிய விடுவது. உப்பி, வெளுத்து, மொறுமொறுவென்று வரும்போது எடுத்து இட்லிப் பொடியோடு அரைத்தால் அந்தப் பொடியின் குணமே வேறு. புளிக்காய்ச்சலுக்கும் அப்படித்தான். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும், அங்கே மட்டும் கவனம் வேண்டும்.

தூளைச் சூடான எண்ணெயில் போட்டால் அதிலுள்ள மாவு கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிக் கசக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆனால் நீர்மோருக்கும் தயிர்சாதத்துக்கும் அவசரச் சுண்டலுக்கும் தூள்தான் வசதி. வாரத்தில் மூன்று நாள் சமைக்கிற, தனியாக இருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். சின்ன டப்பாவாகத் தூளை வாங்கி, மாதத்துக்குள் தீர்த்துவிடலாம்.

கட்டியில் எனக்கிருந்த ஒரே தொல்லை பிய்ப்பது. மழைக்காலத்தில் ரப்பர் மாதிரி இழுக்கும், வெயிலில் கல். அம்மா சொன்ன வழி: வாங்கிய அன்றே வெறும் தோசைக்கல்லில் சிறுதீயில் வைத்து, இளகியதும் கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சின்னச் சின்னதாகக் கிள்ளி, ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடுவது. பத்து நிமிட வேலை. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பெருங்காய வாசனை அப்புறம் அதை விட்டுப் போகவே போகாது.

மாவு சேராத பால் பெருங்காயத்தை ஒரே ஒரு முறைதான் வாங்கியிருக்கிறேன், நாட்டு மருந்துக் கடையில். மிளகளவுக்குக் குறைவாகப் போட்டும் சாம்பார் முழுக்க அதுவே தெரிந்தது. அளவு பழகினால் அதுதான் மேலாக இருக்குமோ என்னவோ, ஒரு சாம்பாரை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்போதைக்கு அடுப்படியில் கட்டி பாட்டில் ஒன்று, மோருக்காக 10 கிராம் தூள் டப்பா ஒன்று. தூள் டப்பா அடுப்பிலிருந்து தள்ளி, மேல் அலமாரியில் இருக்கிறது.