உப்புக்காற்றில் ஒரு ஹோம் தியேட்டர் கணினி: பாகம் பாகமாக என் அனுபவம்

2023இல் டிவிக்குக் கீழே வைப்பதற்கென்று ஒரு சின்னக் கணினியைக் கட்டினேன். அதற்கு வேலை இரண்டுதான். சேர்த்து வைத்திருக்கும் படங்களையும் குடும்ப வீடியோக்களையும் வடிவாகக் காட்ட வேண்டும்; அம்மா ஒரே ரிமோட்டில் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேம் விளையாட்டு கிடையாது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் டிவியிலேயே இருக்கின்றன, அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன்.

வீடு திருகோணமலை உப்புவெளிப் பக்கம், கடலுக்கு நடந்தே போகலாம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாகங்கள் தெரிவு பற்றி எங்கே வாசித்தாலும் பிராசசரில் தொடங்கி, கேஸையும் பவர் சப்ளையையும் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். திருகோணமலையில் வைத்துப் பாவிப்பவருக்கு அந்த வரிசை தலைகீழ். இங்கே கணினிக்கு எமன் உப்பும் கரண்டும் எறும்பும்தான். படம் ஓட்டியே செத்த பிராசசரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே பிராசசரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இன்டெல் ஐ3-12100. நான்கு கோர், தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. உள்ளே இருக்கும் யுஎச்டி 730 கிராஃபிக்ஸே எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோச் சுருக்க முறைகளையும் வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். இதில் ஏவி1தான் முக்கியம். இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் 11ஆம் தலைமுறையில்தான் அது வந்தது. ராம் 8 ஜிபி ஒன்று போதும், இன்றுவரை இரண்டாவது போட வேண்டிய தேவை வரவில்லை. லிப்ரிஎலெக் என்ற சின்ன இயங்குதளம் போட்டு அதில் கோடி (Kodi) என்ற படம் காட்டும் மென்பொருள் ஓடுகிறது, அதற்கு மிகச் சின்ன எஸ்எஸ்டியே தாராளம்.

மதர்போர்டில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெட்டியில் எச்டிஎம்ஐ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. தயாரிப்பாளரின் விபரப் பக்கத்தில் அந்தத் துளை 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தருமா, 30 ஹெர்ட்ஸில் தருமா என்று தேடிப் பார்க்க வேண்டும். 10ஆம் தலைமுறை வரை இன்டெல் டெஸ்க்டாப்பின் உள்ளமை கிராஃபிக்ஸ் எச்டிஎம்ஐ 1.4 அளவில்தான், அதாவது 4கேக்கு 30 ஹெர்ட்ஸில்தான் இருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் போர்டில் தனியாக ஒரு சிப் இருக்க வேண்டும், மலிவுப் போர்டுகளில் அதை வைப்பதில்லை. 30 ஹெர்ட்ஸில் படம் ஓடும், ஆனால் மெனுவில் சுட்டி இழுபடும். கொழும்பில் இருந்து வரும் பழைய அலுவலக மினி கணினிகளை வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வதும் இதில்தான். ஐ5-8500டி போட்ட சின்னப் பெட்டிகள் 35 வாட்காரன், உழைப்பாளி, குறை சொல்ல முடியாது. ஆனால் பலவற்றில் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும். 4கே டிவிக்குக் கொடுக்க ஆக்டிவ் வகை (உள்ளே சிப் உள்ள) அடாப்டர் வாங்கவேண்டி வரும், ஏவி1உம் கிடையாது. 1080 டிவி வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம்.

ராஸ்பெரி பை பற்றியும் யோசித்தேன். எச்டிஎம்ஐ வழியாக டிவி ரிமோட்டையே ஏற்றுக்கொள்ளும் சிஇசி வசதி அதில் உண்டு, சாதாரணக் கணினிகளில் இல்லை. ஆனால் நான் வாங்க நின்ற நேரம் உலகம் முழுக்க அதற்குத் தட்டுப்பாடு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு ஏறிய பிறகு, வெளிநாட்டில் இருந்து எதை வரவழைத்தாலும் கணக்கு எங்கேயோ போய் நின்றது.

இனி கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படியில்லை, ஆனாலும் 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதாகச் சொல்லி நாடே இருண்டது. (கோணேசர் கோயிலடிக் குரங்குகளை அதன் பிறகு நான் மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.) கரண்ட் முழுதாகப் போவதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பின்னேரம் எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டரும் ஏசியும் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். பல்ப் மங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் மலிவான பவர் சப்ளை போட்ட கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

இதற்கு மருந்து வாட் அல்ல. என்னுடைய கணினி படம் ஓட்டும்போது பிளக் மீட்டரில் 25 வாட்டைச் சுற்றித்தான் காட்டுகிறது. 450 வாட் பவர் சப்ளைகூட இதற்கு அதிகம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளீடு என்னவென்று பாருங்கள். 200–240 வோல்ட் என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 100–240 என்று இருந்தால் அது முழு வீச்சையும் தாங்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் அசையாது. நான் போட்டது 80 பிளஸ் பிரோன்ஸ் (மின் செயல்திறன் தரச்சான்று), முழு வீச்சு. இத்தனை காலத்தில் வோல்டேஜ் இறங்கி ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. முன்னால் 650 விஏ லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் (வோல்டேஜைத் தானே சரிசெய்யும் வகை) ஒன்று நிற்கிறது. பின்னேரங்களில் உள்ளே ரிலே டக் டக் என்று மாறும் சத்தம் கேட்கும். படம் பார்க்கும்போது முதல் கிழமை எரிச்சலாக இருந்தது, பிறகு காது பழகிவிட்டது. டிவியை அதில் மாட்டவில்லை. கணினி மட்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்காக நிறுத்தி அணைக்கத் தேவையான நேரம் தாராளமாகக் கிடைக்கும். அதன் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி நம் சூட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் போகாது, அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே நினையுங்கள். பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்), கரண்ட் திரும்ப வந்தால் தானாக எழும்பும் அமைப்பைப் போட்டுவிட்டால், அம்மா பட்டன் தேடத் தேவையில்லை.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. கட்டி முடித்த புதிதில், வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று கேஸைத் தொட்டால் விரலில் மெல்லிய சுரீர். பவர் சப்ளை பழுதில்லை. அதன் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் உலோக உடம்புக்குப் போகும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்கு இறங்கிவிடும், இல்லாவிட்டால் கேஸில் பாதி வோல்டேஜ் மிதக்கும். மின்வேலை தெரிந்த அண்ணை ஒருவர் வந்து முற்றத்தில் எர்த் கம்பியைத் தோண்டிக் காட்டினார். கவ்வி இருந்த இடத்தில் பச்சைப் பொடிதான் மிச்சம். நம் மணலில் தண்ணீரும் நிற்காது, அதனால் கம்பி ஆழமாக இறங்க வேண்டும் என்றார். புதுக் கம்பி போட்ட பிறகு சுரீரும் போனது, ஸ்பீக்கரில் மெல்லியதாக இருந்த ம்ம்ம் சத்தமும் போனது. ஆயிரக்கணக்கில் சவுண்ட் சிஸ்டத்துக்குச் செலவழிக்கும் முன் முற்றத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஐப்பசி இடிக்கு மட்டும் எர்த்தை நம்ப மாட்டேன். பிளக், லேன் வயர் இரண்டையும் கழட்டித்தான் வைப்பேன்.

இப்போது உப்பு. முதல் வருட முடிவில் கணினி ஒரு விசித்திர வேலை செய்யத் தொடங்கியது. 4கே படத்தின் நடுவே திரை இரண்டு விநாடி கறுத்துத் திரும்ப வரும். 1080 படத்தில் வராது. கேபிளைக் கழட்டி, கைபேசி வெளிச்சத்தில் துளைக்குள் பார்த்தேன். உலோக விளிம்பில் வெள்ளைப் படிவு, அதன் அடியில் பழுப்பு. பின்பக்க இரும்புத் தகடு முழுவதும் சின்னச் சின்ன துருப் புள்ளி, திருகாணிகள் கறுத்துவிட்டன. ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய பிரஷால் துடைத்து, கேபிளையும் புதிதாக மாற்றியதும் கறுப்பு நின்றது. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கேபிளில் விநாடிக்கு 18 கிகாபிட் வரை ஓடுகிறது, அதனால்தான் தொடுகை கொஞ்சம் கெட்டாலும் முதலில் அதுவே தடுமாறுகிறது. இப்போது பாவிக்காத துளைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.

இதிலிருந்து கேஸ் பற்றிய என் கருத்தே மாறிவிட்டது. முன்பக்கம் முழுவதும் ஓட்டை போட்டு மூன்று ஃபேன் வைத்த கேஸ் இங்கே எதிரி. ஃபேன் இழுப்பது காற்றை மட்டுமல்ல, உப்போடு சேர்ந்து பிசுபிசுக்கும் தூசியையும் சேர்த்துத்தான்; அது ஊதினால் போகாது, துடைக்க வேண்டும். 25 வாட் குடிக்கும் பெட்டிக்கு அவ்வளவு காற்று எதற்கு? நான் வைத்திருப்பது படுக்கையாக வைக்கும் ஒடுங்கிய கேஸ். ஒரே ஒரு ஃபேனைக் குறைந்த வேகத்தில் விட்டிருக்கிறேன். மற்றத் துவாரங்களுக்கு உள்பக்கமாக நைலோன் நுளம்பு வலை வெட்டி ஒட்டினேன். அது உப்புக்கு அல்ல, எறும்புக்கும் பல்லிக்கும். வலை ஒட்டுவதற்கு முன் ஒருநாள் மூடியைத் திறந்தால் ராம் துளை ஓரத்தில் சிற்றெறும்பு முட்டையோடு குடியிருக்கிறது. சூடான இடம், ஆள் நடமாட்டம் இல்லை, அதற்கு வேறென்ன வேண்டும்.

வாடைக் காலத்தில் கணினியை அணைத்து வைப்பதில்லை, கொஞ்சமாவது சூடு இருந்தால் ஈரம் தங்காது. கச்சான் வீசும் ஆடி மாதத்தில் பிரச்சினை வேறு: பகலில் அறையே 34 பாகை. அதற்கு பயோஸில் பிராசசரின் மின் எல்லையை 35 வாட்டுக்கு இறக்கிவிட்டேன். படத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஃபேன் மட்டும் அடங்கிவிட்டது. பெட்டியோடு வரும் இன்டெல் கூலர் இரவில் கேட்கும். 37 மில்லிமீட்டர் உயர நொக்டுவா என்எச்-எல்9ஐ (எல்ஜிஏ1700க்கானது) போட்டேன். விலை கொஞ்சம் குத்தும். ஆனால் கட்டிய பாகங்களிலேயே இன்றும் மனம் நிறைவாக இருப்பது அதுதான். ஹார்ட் டிஸ்க் 4 டிபி, மெதுவாகச் சுற்றும் வகை. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுவது) என்று பயப்படத் தேவையில்லை. திரும்பத் திரும்ப எழுதும்போதுதான் அது தடுமாறும், படத் தொகுப்பு ஒருமுறை எழுதிப் பலமுறை வாசிப்பது.

சத்தம். என்னிடம் இருப்பது மாமா விட்டுச்சென்ற பழைய 5.1 ரிசீவர், 4கே அதற்குள்ளால் போகாது. ஆகவே கணினியில் இருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, டிவியில் இருந்து ரிசீவருக்கு ஒப்டிகல் கேபிள். இந்த வழியில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி போன்ற உயர்தரச் சத்த வடிவங்கள் எதுவும் போகாது, ஒப்டிகலில் அதற்கு இடமில்லை. பல புது டிவிகள் சாதாரண டிடிஎஸ்ஸைக்கூட எடுப்பதில்லை. படம் ஓடும், சத்தம் வராது. கோடியின் ஓடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவில் (சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு) டிடிஎஸ்ஸை அணைத்து, டொல்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கை (டொல்பியாக மாற்றி அனுப்புவது) இயக்கினால் எல்லாம் டொல்பி 5.1 ஆக மாறி ரிசீவருக்குப் போகும். சவுண்ட் கார்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

வெளியே யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றும் வாங்கினேன். இந்தக் காலத்தில் எதற்கு என்று தம்பி சிரித்தான். கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாம் டிவிடியில்தான் கிடந்தன, சிலவற்றின் ஓரம் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றினேன். இவை விநாடிக்கு 25 ஃபிரேம், இடைவரிப் (இன்டர்லேஸ்ட்) படம். சினிமா 24. கோடியில் படத்துக்கேற்ப டிவியின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் அமைப்பைப் போட்டால் டிவிடிக்கு 50 ஹெர்ட்ஸ், சினிமாவுக்கு 24 என்று தானாக மாறும். கமெரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் இருந்த துள்ளல் இதோடு போய்விட்டது. அக்காவின் கலியாண வீடியோவில் பந்திக்கு முன்னால் கமெரா நகர்வதைப் பார்த்த அம்மா, "இப்பதான் ஆக்கள்ர முகம் தெரியுது" என்றார். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும்.

ரிமோட்டுக்கு ஃபிளிர்க் என்ற சின்ன யுஎஸ்பி ரிசீவர். வீட்டில் சும்மா கிடக்கும் எந்த இன்ஃப்ராரெட் ரிமோட்டையும் அதற்குப் பழக்கலாம், பழைய டிவிடி பிளேயரின் பெரிய பட்டன் ரிமோட்டை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கும் இடம் பற்றி: பிராசசர், போர்டு, கூலரை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விலை கேட்டு வாங்கினேன். பவர் சப்ளை, யுபிஎஸ், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஊரிலேயே வாங்குங்கள். கொஞ்சம் கூட விலைதான். ஆனால் பழுதாகக்கூடியவை அவைதான், வாரண்டிக்குக் கொழும்புக்கு அனுப்பினால் போக்குவரத்துச் செலவும் காத்திருப்பும் உங்கள் தலையில். கூரியரில் ஒரு கடை எனக்கு அனுப்பிய முதல் ஹார்ட் டிஸ்க், ஒரு சுற்றுப் பத்திரிகைத் தாளில்தான் வந்தது. சொல்லவும் வேண்டுமா, மாற்றித்தர அவர்கள் எடுத்த காலத்தில் ஒரு மழைக்காலமே முடிந்தது.

இன்று கட்டுவதானால் ஐ3க்குப் போக மாட்டேன். இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி, 6 வாட் வகை, ஏவி1உம் விரிக்கிறது, படம் பார்க்க மட்டும் என்றால் அதற்கு மேல் தேவையில்லை. அவற்றில் பலவற்றில் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமில்லை, யுஎஸ்பியில் வெளியே மாட்ட வேண்டும். அந்த டிஸ்க்குக்கு வரும் தனி அடாப்டரையும் மறக்காமல் யுபிஎஸ் பக்கமே மாட்டுங்கள்.