தாயும் மகளும்: யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கையில்

இலங்கையை ஆண்ட தாய், மகள் இருவரில் யாழ்ப்பாணத்து எங்கள் வாழ்வை அதிகம் தொட்டவர் யார், மனதை அதிகம் நோகச் செய்தவர் யார்? 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமரானவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. ஆனால் அவர் அரசுத் தலைவராக இருந்ததில்லை. இலங்கையின் முதற் பெண் சனாதிபதி, 1994 நவம்பரில் பதவியேற்ற மகள் சந்திரிகாதான்.

தாயின் கணக்கு எங்களுக்குச் சிக்கலானது. 1961 இல் தமிழ் மொழி உரிமைக்காகக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள்மேல் இராணுவத்தை ஏவியது அவருடைய ஆட்சி. பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்றாக்கிய தரப்படுத்தல் வந்ததும், எத்தனையோ பிள்ளைகளின் படிப்புக் கனவு கலைந்ததும் அவர் காலத்தில்தான். அதே அம்மையார் 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கட வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலை போயின, தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். 1974 இல் இங்கே பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்து வைத்தவரும் அவரே. வாழ்விலே தொட்டது அதிகம் தாய்தான் என்பேன்.

மனதை அதிகம் நோகச் செய்தவர் மகள். சமாதானம் என்று சொல்லி 62 வீத வாக்கோடு வந்தவரை நம்பினோம். 1995 ஏப்ரலில் விடுதலைப் புலிகளுடனான பேச்சு முறிந்தது. ஒக்டோபர் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, குடாநாட்டின் மேற்கேயுள்ள வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தது. அப்போது பிரதமர் கதிரையில் இருந்தவர் தாய்.