கம்பஸ் பக்கத்துப் போட்டோ கொப்பிக் கடை: வேலைக்கு முழுப் புள்ளி, அந்த ஃபோல்டருக்குப் பூச்சியம்

கொழும்பில் கம்பஸ் இருக்கிற வீதியெல்லாம் இப்படி ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும், அதனால் பெயர் வேண்டாம். அங்கே படிக்கிறவர்களுக்கு எந்தக் கடை என்று விளங்கும்.

வேலை சுத்தம். இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்கம் தலைகீழாக வராது, ஸ்பைரல் பைண்டிங்கில் ஓரத்து எழுத்து மறையாது, தமிழ் எழுத்து உடைந்து பெட்டி பெட்டியாக வந்தால் கடைக்கார நானாவே கவனித்து "பீடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாங்க தம்பி" என்று அந்தத் தாளுக்குக் காசு எடுக்காமல் விடுவார். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்களே, அப்போதும் விலையைக் கூட்டினாரே தவிர கடையைப் பூட்டவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

முழுப் பாடப்புத்தகத்தையும் கொப்பி அடித்துத் தருவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க விடுகிறது, ஆனால் முழுப் புத்தகத்தை அப்படி எடுக்க விடவில்லை. ஏன் என்று கேட்டால் புத்தகத்தின் விலையைச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது: டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 60 டொலர் புத்தகம் 18,000 ரூபாய், மாணவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கிற மகாபொல உதவிப்பணத்தை 2025இல் 7,500 ஆக்கிய பிறகும் இரண்டு மாதக் காசு அதற்குக் காணவில்லை. இதற்காகக் கடைக்குப் புள்ளி குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கோபமெல்லாம் ஓரத்துக் கம்பியூட்டரில் இருக்கிற ஃபோல்டர் மேல்தான். பட்ச் வாரியாக, பாடம் வாரியாக, சீனியர்மாரின் லாப் ரிப்போர்ட்டும் அசைன்மென்ட்டும். பெயரையும் இன்டெக்ஸ் நம்பரையும் மாற்றி, முன் அட்டை போட்டு, சூடாகக் கையில் தருவார்கள். வரிசையில் நின்றால் காரணங்கள் காதில் விழும். ஐந்து மார்க்ஸ்தானே, லெக்சரரே பழைய கேள்வியைத்தானே தருகிறார், எல்லா பட்சும் இப்படித்தான் மச்சான். அதே வாயால் லெக்சருக்கு வராதவனுக்கும் சைன் பண்ணிவிட்டேன் என்பார்கள், 80 வீத வரவு வேண்டுமே, பாவம் என்று.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பது உண்மை. லாப் ரிப்போர்ட் எழுத எவ்வளவு காசு வேண்டும்? அந்த உண்மையான கஷ்டத்துக்குக் கிடைக்கிற அனுதாபத்தைச் சோம்பலுக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள், "எங்கட நிலைமை அப்படி" என்று ஒரே வசனத்தில் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே காசில்லாத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

யாருக்கும் நட்டமில்லை என்பதும் பொய். தனி ஊசலைத் தானே ஆட்டி, ஸ்டொப்வொச்சைப் பார்த்து எழுதின பிள்ளைக்குப் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.5 என்று வரும், புள்ளிகள் கோட்டுக்கு இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கும். ஃபோல்டரில் எடுத்தவனுக்கு அழகான நேர்கோடு, புத்தகத்தில் இருக்கிற அதே 9.81. திருத்துகிறவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்குக் கூடப் போடுவார்?

நானாவிடம் கேட்டேன். "நான் பிரின்ட் போடுறவன்தானே, படிக்கிறது அவங்க" என்றார். மனிதர் நல்லவர், ஆனால் இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. சாதாரண பிரின்ட்டுக்கு ஒரு விலை, ஃபோல்டரில் இருந்து எடுத்தால் வேறு விலை. அது என்னவென்று தெரியாமல் யாரும் விலையைப் பிரித்து வைப்பதில்லை.

தீசிஸ் பைண்டிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சரியான சனம், காலையிலேயே கொடுத்துவிடுங்கள். நானா இதை வாசித்தால் அந்த ஃபோல்டரை அழித்துவிடுங்கள், உங்கள் கடைக்குக் கூட்டம் வருவது பைண்டிங்குக்காகத்தான்.