நான்டீஸ் கேரட் விதை: ருசியில் முதலிடம், சேமிப்பில் சுமார்தான்

குளிர்கால அறுவடைக்கு நான்டீஸ் ரகத்தைத் தயங்காமல் வாங்கலாம். 15 முதல் 18 செ.மீ. நீளம், மழுங்கிய நுனி, நடுவில் கட்டை தட்டாத சதை. லேசான உறைபனி பட்டதும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் இனிப்பு கூடும். அதற்காகவே அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது.

பாக்கெட்டில் பேக் செய்த தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் தாண்டிய விதையில் முளைப்பு குறைந்துவிடும். முதல் உறைபனிக்குப் பத்து வாரம் முன்பே 1 செ.மீ. ஆழத்தில் விதைத்துவிட வேண்டும். மேல்மண் காய்ந்து இறுகினால் முளை வெளியே வராது. விதை மேல் பழி போடுபவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். முளைத்த பின் 5 செ.மீ. இடைவெளி இருக்கும்படி நெருக்கமான நாற்றுகளைக் களையுங்கள். கல்லும் பச்சைச் சாணமும் உள்ள மண்ணில் வேர் கிளை பிரிந்து கவைக்கும்.

குறை சேமிப்பில்தான். தோல் மெல்லியது, பிடுங்கும்போதே ஒடியும்; மண் கிளறும் தோட்ட முள்கருவியால் மண்ணை நெகிழ்த்திவிட்டு எடுக்க வேண்டும். இலையை 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். கழுவாமல், ஒன்றையொன்று தொடாமல் ஈர மணலில் அடுக்கி, 0 முதல் 4 டிகிரியில் வையுங்கள். மணலைப் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் அது விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துவிடும். அடிபட்டதை அன்றே சமைத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பெட்டியே போச்சு.

வசந்தம் வரை வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ஆட்டம் கிங் (Autumn King) என்ற கேரட் ரகம்தான் சரி.