குளிர்காலக் கடலுக்கு நியோபிரீன் கையுறையும் காலுறையும்

டப்ளினுக்குத் தெற்கே சாண்டிகோவில் உள்ள ஃபார்ட்டி ஃபுட் துறையில் ஞாயிறுதோறும் நண்பர்கள் ஐவர் கடலில் இறங்குகிறோம். பிப்ரவரியில் நீரின் வெப்பநிலை 8 அல்லது 9 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோபிரீன் (குளிரைத் தடுக்கும் ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறையையும் காலுறையையும் இந்தப் பருவம் முழுவதும் அணிந்து பார்த்தோம்.

காலுறையைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. பாசி படர்ந்த படிகளில் அதன் சொரசொரப்பான அடிப்பகுதி உறுதியாகப் பிடிக்கிறது.

கையுறையின் மணிக்கட்டுப் பகுதிதான் தளர்வாக இருக்கிறது. உள்ளே புகுந்த சிறிதளவு நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்க வேண்டும். மெலிந்த கை உடைய என் தோழிக்கோ, ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் புதிய குளிர்நீர் பாய்ந்து, பத்தே நிமிடத்தில் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. எனவே மெலிந்த கை உடையவர்கள் ஓர் அளவு சிறியதாகவே வாங்குங்கள்.

எனக்குச் சரியாகப் பொருந்தியதால், கரையேறியதும் பிறர் உதவியின்றி மேலங்கியின் பொத்தானைப் போடவும், பிளாஸ்க்கின் மூடியைத் திருகவும் முடிந்தது. வெளியே வந்த பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இது மிகப் பெரிய உதவி. கை கதகதப்பாக இருக்கிறதே என்று கூடுதல் நேரம் நீந்திவிடாதீர்கள்.

நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் துர்நாற்றம் வருவதில்லை.