வாய் ரெபோ: கூம்பு வீட்டில் தங்கல்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவு மலைக்குள் இருக்கும் இந்தக் கிராமத்துக்கு வண்டி போகாது, காட்டுப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். போனதும் ஊர்ப் பெரியவர் முன் உட்கார்ந்து முன்னோர்களிடம் அனுமதி கேட்கும் சடங்கு. அது முடியும்வரை படம் எடுக்கக் கூடாது.

தங்குவது 'ம்பாரு நியாங்' எனும் கூம்பு வீட்டில். கூரை தரைவரை இறங்குகிறது. உள்ளே சுவரை ஒட்டி வட்டமாகப் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகப் படுக்கிறோம். தனியறை வேண்டுமென்பவர்கள் மலையடிவாரத்திலேயே தங்கிவிடலாம். இரவுக் குளிர் சாதாரணமில்லை.

காப்பி? அவர்கள் தோட்டத்துக் கொட்டை, அதற்காகவே ஏறலாம். 2012-இல் யுனெஸ்கோ விருது கிடைத்த ஊர். காப்பியோடு விருந்தாளிகளும் இப்போது வருமானம். ஆனால் பள்ளிக்கூடம் கீழேதான், பிள்ளைகள் படிக்க இறங்கியாக வேண்டும். படித்தவர்களுக்கு மேலே வழிகாட்டி வேலை தவிர என்ன இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

அப்புறம், ரூப்பியாவைக் கையில் எடுத்துப் போங்கள், மேலே ஏடிஎம் கிடையாது.